விளக்கேந்திய நங்கை

"சிஸ்டர், தேவ அழைத்தல் என்றால் கனவில் குரல் கேட்குமா?" என்று மறைக்கல்வி வகுப்பில் யாராவது ஒரு மாணவி கேட்டுவிடுவாள். அப்போதெல்லாம் நானோ நேகிளின் கதையைத்தான் சொல்லுவேன்.

அயர்லாந்தில் 1718-ஆம் ஆண்டு செல்வக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். கத்தோலிக்கர் பள்ளி நடத்துவது அந்நாளில் அங்கே குற்றம். 1695-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் சிறையும் உண்டு. வசதியுள்ளோர் பிள்ளைகளைப் பிரான்சுக்கு அனுப்பினர். நானோவும் அங்கே படித்தவரே. ஏழைக் குழந்தைகளோ எழுத்தும் ஜெபமும் அறியாமல் வளர்ந்தனர். பின்னர் பிரான்சில் கன்னியர் மடத்தில் சேர்ந்தபோதும் அக்குழந்தைகளின் நினைவு அவரை விடவில்லை. ஆன்ம குருவின் ஆலோசனைப்படி ஊர் திரும்பினார்.

கார்க் நகரில் தம்பி வீட்டில் தங்கி, பணிப்பெண் மூலம் ஓர் ஆசிரியையை அமர்த்தி, முப்பது ஏழைச் சிறுமியரைச் சேர்த்தார். காலையில் அக்காள் கோயிலுக்குப் போகிறார் என்றே தம்பி எண்ணியிருந்தார். (இது பொய்யாகாதா என்று நீங்கள் கேட்டால் எனக்குப் பதில் சொல்லச் சற்றுச் சிரமந்தான்!) ஒரு நாள் ஏழை ஒருவர் வந்து, தம் பிள்ளையை நானோவின் பள்ளியில் சேர்க்கத் தம்பியிடம் சிபாரிசு கேட்டார். யாரோ பைத்தியக்காரன் என்று அவர் வீட்டாரிடம் சொல்லிச் சிரித்தார். நானோ உண்மையை ஒப்புக்கொண்டார். சிரிப்பு கடுங்கோபமாயிற்று, குடும்பத்துக்கே ஆபத்தல்லவா? ஆனால் விரைவிலேயே அவரும் மனம் இசைந்தார். ஒன்பது மாதங்களில் பிள்ளைகள் ஏறக்குறைய 200 பேர். 1769-இல் பள்ளிகள் ஏழு.

பகலில் பள்ளி, இருட்டிய பின் கையில் விளக்குடன் நோயாளிகளின் குடிசைகள். தமக்குப் பின்னும் பணி நிலைக்கவேண்டும் என்று, 1771-இல் உர்சுலைன் கன்னியரை வரவழைத்து மடமும் கட்டிக்கொடுத்தார். ஆனால் மடத்தைவிட்டு வெளியே செல்ல அவர்களது சபை விதி இடந்தரவில்லை. குடிசைகளுக்கு யார் போவது? 1775-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள், 57 வயதில், மூன்று தோழியருடன் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். அதுவே பின்னாளில் பிரசன்டேஷன் சபையாயிற்று.

1784-இல் அவர் மறைந்தார். 1805-இல் உரோமை அச்சபையை அங்கீகரித்தபோது, வெளியே செல்லக்கூடாது என்ற அதே விதி அதன்மேலும் வந்தது. அவர் விளக்கேந்தி நடந்த தெருக்களில் அவருடைய கன்னியர் நெடுங்காலம் நடக்க முடியவில்லை என்பது எனக்கு எப்போதுமே வருத்தந்தான். ஆயினும் ஏழைப் பிள்ளைகள் மடத்துப் பள்ளிகளைத் தேடி வந்தனர்.

உலகின் எந்தப் பகுதியிலும் ஆன்மாக்களுக்குத் தம்மால் பயன் உண்டாகுமானால் மனமுவந்து உழைக்கத் தயார் என்று நானோ 1769-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். அவர் கார்க்கைவிட்டுப் போகவில்லை. 1842-இல் அவருடைய சபைக் கன்னியர் அயர்லாந்திலிருந்து கப்பலேறி, சென்னையில் வந்திறங்கி, இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் பகுதியில் பள்ளி தொடங்கினர்.