முதியோர் எதிர்த்த முதியோர் சட்டம்



1989ஆம் ஆண்டு ஓகஸ்ட் 17ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரிலே விந்தையான காட்சியொன்று நிகழ்ந்தது. பிரதிநிதிகள் சபையில் வரிவிதிப்பைக் கவனிக்கும் வலிமை வாய்ந்த குழுவின் தலைவரான டான் றொஸ்ரென்கவ்ஸ்கி என்பார், தமது தொகுதியில் முதியோர் சங்கத்தார் சிலரைச் சந்தித்துவிட்டு வெளியே வந்தார். முதியவர்கள் பலர் அவருடைய மோட்டார் வண்டியைச் சூழ்ந்துகொண்டு கூச்சலிட்டனர். மூதாட்டி ஒருவர் வண்டியின் முன்மூடிமீதே சாய்ந்துவிட்டார். வண்டி நகர வழியின்மையால் தலைவர் இறங்கி வீதியிலே ஓட நேர்ந்தது.

அம்முதியோருக்கு அவர் இழைத்த தீங்கு யாது? அவர்களுக்குரிய வைத்திய உதவியைப் பெருக்கும் சட்டமொன்றை நிறைவேற்றத் துணைநின்றமையே.

அரசாங்க வைத்தியசாலையிற் பணம் கேளாத நாட்டிலே வாழும் நமக்கு இதன் பின்னணியைச் சற்று விளக்குதல் வேண்டும். அமெரிக்காவிலே வைத்தியச் செலவைப் பெரும்பாலும் காப்புறுதியே தாங்குகிறது. 65 வயதைக் கடந்தோருக்கென 1965இல் ஜனாதிபதி ஜோன்சன் காலத்தில் 'மெடிகெயார்' என்னும் அரசாங்கக் காப்புறுதி ஏற்பட்டது. ஆயினும், வைத்தியசாலையில் 60 நாட்களுக்கு மேற் கிடந்தவர் நாளொன்றுக்கு இவ்வளவு என ஒரு பங்கைத் தாமே செலுத்த வேண்டியிருந்தது. நோய் மேலும் நீளின் முழுச் செலவும் அவர் தலைமேலேயே விழும். இக்குறையை நீக்கும் சட்டமூலம் பிரதிநிதிகள் சபையில் 328க்கு 72 எனவும், செனற் சபையில் 86க்கு 11 எனவும் பெருவாரியான வாக்குகளால் நிறைவேறியது. 1988ஆம் ஆண்டு யூலை 1ஆம் நாள் ஜனாதிபதி றேகன் அதிற் கையொப்பமிட்டார். இரு கட்சியினரும் மகிழ்ந்தனர்.

பணம் எங்கிருந்து வருவது என்பதிலேதான் இடர் தோன்றிற்று. புதிய உதவியின் செலவு முழுவதையும் முதியோரே ஏற்கவேண்டும் என விதிக்கப்பட்டது. யாவரும் மாதந்தோறும் சிறுதொகை செலுத்துவர். குறித்த அளவுக்கு மேல் வருமான வரி கட்டுவோர் மேலதிகமாக, ஆளொருவருக்கு 1989இல் உச்சமாக 800 டொலர் வரை, செலுத்துவர். இம்மேலதிகம் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கினரையே தொடுவதாயிருந்தது. 800 டொலரை எட்டுவோர் மிகச் சிலரே. எனினும், ஒரு சதமேனும் மேலதிகமாகக் கட்டவேண்டாத ஏழை முதியவர் பலரும் அந்த 800 டொலர் தம்மீதே விழுந்ததென நம்பினர்.

இதனை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. வரி 1989இலேயே வந்தது. மருந்துச் செலவுக்கான உதவியோ 1991இலேதான் தொடங்கவிருந்தது. வசதி படைத்தோருட் பலர் தாம் முன்பு பணியாற்றிய நிறுவனங்கள் வாயிலாக இத்தகைய காப்புறுதியை ஏற்கெனவே பெற்றிருந்தனர்; ஒரே பண்டத்துக்கு இருமுறை விலை கொடுக்குமாறு கேட்டால் யார்தாம் இசைவர்? மேலும், முதியோர் இரவிற் படுக்கையிற் கிடந்து அஞ்சியது மாதக்கணக்கான வைத்தியசாலை வாசத்தையன்று. எழமாட்டாத காலத்திற் பராமரிப்பு இல்லத்திலே ஆண்டுக்கணக்கிற் கிடக்க நேருமே என்பதையே. அச்செலவுக்கோ இச்சட்டம் பெரும்பாலும் வழிசெய்யவில்லை.

நான் அதிபராயிருந்த பாடசாலையொன்றிலே, தூரத்துப் பிள்ளைகளின் நன்மை கருதித் தொடக்க நேரத்தை அரைமணி பிற்போட்டேன். மறுநாட் காலை என் அறைவாயிலில் நின்றோர் யாவரும் அதனால் இடர்ப்பட்ட பெற்றோரே. பயன்பெற்றவர் ஒருவரேனும் வந்து 'நன்று' எனச் சொல்லவில்லை. அன்று எனக்குச் சினமுண்டாயிற்று. பின்னர் எண்ணிப் பார்க்கையில், அவர்களைக் கேளாமலே நேரசூசியை மாற்றினேன் என்பதும் நினைவுக்கு வந்தது.

1989 ஒக்டோபரில் 360க்கு 66 என்ற வாக்குகளால் பிரதிநிதிகள் சபை தன் சட்டத்தைத் தானே நீக்க முடிவுசெய்தது. அவ்வாண்டு முடியுமுன் சட்டம் மறைந்தது. நெடுநோயாளருக்கான வைத்தியசாலை உதவியும் அதனோடு போயிற்று.

இருபது ஆண்டு கழித்து இதே நாடகம் வேறொரு முடிவோடு நடந்தது. 2010 மார்ச் 23ஆம் நாள் ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட சட்டம், காப்புறுதியற்றோருக்கு அதனைக் கிட்டச்செய்யும் நோக்குடையது. ஆனால் அமெரிக்கரிற் பெரும்பாலார் முன்னரே காப்புறுதி உடையோர். தம் கையிலுள்ளது குறைந்துவிடுமோ என்பதே அவர்களின் கவலை. விரும்பிய காப்புறுதியை வைத்துக்கொள்ளலாம் என ஜனாதிபதி பலமுறை உறுதி கூறியிருந்தார். 2013இல் இலட்சக்கணக்கானோருக்குக் காப்புறுதி நீக்கக் கடிதங்கள் வந்தபோது அவ்வுறுதி பொய்த்தது. முக்கிய பயன்கள் 2014இலேதான் கிட்டின. அவர் கட்சியோ 2010 நவம்பரிலேயே பிரதிநிதிகள் சபையை இழந்துவிட்டது.

2017இல் எதிர்க்கட்சியினர் ஆட்சிக்கு வந்து அச்சட்டத்தை நீக்க முற்பட்டபொழுது காற்றுத் திசை மாறியது. பிரதிநிதிகள் தம் தொகுதிகளிற் கூட்டிய கூட்டங்களிலே, காப்புறுதியை இழக்க நேருமே என அஞ்சியோர் எழுந்து நின்று குரலெழுப்பினர். யூலை 28ஆம் நாள் அதிகாலை, ஆளுங்கட்சியைச் சேர்ந்த ஜோன் மக்கெயின் தம் கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்ட, நீக்கற் பிரேரணை 49க்கு 51 எனத் தோற்றது. அக்கூட்டங்களிற் குரலெழுப்பியோருள், ஏழாண்டுகளுக்கு முன் அதே சட்டத்தை வெறுத்தோரும் சிலர் இருந்திருப்பர்.