புது மானிட்டர்ல எழுத்து மங்கலா தெரியுதா? கண் டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி கேபிளைப் பாருங்க!

வீடு பெருங்களத்தூர், ஆபீஸ் ஓ.எம்.ஆர் இல்லைன்னா மஹிந்திரா வேர்ல்டு சிட்டி. வாரத்துல ரெண்டு, மூணு நாள் வொர்க் ஃப்ரம் ஹோம். 14 இன்ச் லேப்டாப்பை குனிஞ்சு பார்த்துப் பார்த்து கழுத்து பிடிச்சுக்கிட்டதும், 'ஒரு மானிட்டர் வாங்கிடலாம்'னு தோணும். ஆன்லைன் ஆஃபர்லயோ, ரிச்சி ஸ்ட்ரீட்ல பேரம் பேசியோ வாங்கிட்டு வந்து மாட்டினா, எழுத்தெல்லாம் தண்ணி பட்ட மாதிரி மங்கலா தெரியும். மவுஸ் திக்கித் திணறி நகரும். உடனே 'டிஃபெக்ட் பீஸ்'னு ரிட்டர்ன் போட வேண்டாம். பல நேரம் மானிட்டர் மேல தப்பே இருக்காது.

முதல்ல ரெசொல்யூஷன். ஸ்க்ரீன்ல இருக்குற புள்ளிகளோட எண்ணிக்கைதான் அது. ஃபுல் ஹெச்.டி-ன்னா 1920 × 1080, அதாவது சுமார் 20 லட்சம் புள்ளிகள். 4கே-ன்னா 3840 × 2160, சுமார் 83 லட்சம். ஒவ்வொரு மானிட்டருக்கும் அதுக்குன்னு பொறந்த ஒரு அளவு உண்டு. 'நேட்டிவ் ரெசொல்யூஷன்'னு சொல்வாங்க. அதை விட்டு வேற அளவை செட் பண்ணினா, இல்லாத புள்ளியை இழுத்து நிரப்பப் பார்க்கும். மங்கல் அங்கேதான் வருது. விண்டோஸ்ல செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளேன்னு போனா 'ரெக்கமெண்டட்'னு ஒரு அளவு காட்டும். அதையே வைங்க. எழுத்து குட்டியா இருந்தா ரெசொல்யூஷனைக் குறைக்காதீங்க, பக்கத்துலயே இருக்குற 'ஸ்கேல்'ஐ 125, 150 சதவிகிதம்னு ஏத்துங்க. நிறைய பேர் இந்த இடத்துலதான் கோட்டை விடுறாங்க.

வாங்குறதுக்கு முன்னாடியே பார்க்க வேண்டியது இன்னொண்ணு இருக்கு. 24 இன்ச்சுக்கு ஃபுல் ஹெச்.டி தாராளம். அதே ஃபுல் ஹெச்.டி 27 இன்ச்ல வந்தா, ஒரு இன்ச்சுக்கு சுமார் 82 புள்ளிதான். நாள் முழுக்க எக்செல், கோடிங்னு எழுத்தையே பார்க்குறவங்களுக்கு அது உறுத்தும். 27 இன்ச்தான் வேணும்னா 2560 × 1440 எடுங்க. 'பெருசா இருக்கே, விலையும் கம்மியா இருக்கே'ன்னு மயங்கினா, கஷ்டம் கண்ணுக்குத்தான்.

அடுத்து மவுஸ் திணறுற கதை. என் தோழி ஒருத்தி ஆசை ஆசையா 4கே மானிட்டர் வாங்கினா. படம் பளிச்சுன்னு வருது, ஆனா ஸ்க்ரோல் பண்ணினா தலை சுத்துதுன்னா. போய்ப் பார்த்தா, ஓடுறது 30 ஹெர்ட்ஸ்ல. விநாடிக்கு 60 தடவை மாற வேண்டிய படம் 30 தடவைதான் மாறுது. காரணம், பழைய லேப்டாப்போட எச்.டி.எம்.ஐ 1.4 போர்ட்.

கணக்கு ரொம்ப சிம்பிள். 83 லட்சம் புள்ளி, ஒவ்வொண்ணுக்கும் 24 பிட் கலர், விநாடிக்கு 60 தடவை. பெருக்கினா கிட்டத்தட்ட 12 கிகாபிட் வரும். எச்.டி.எம்.ஐ 1.4-ஓட மொத்த கொள்ளளவே 10.2 கிகாபிட். அதுலயும் படத்துக்குக் கிடைக்குறது சுமார் 8-தான். அதனால பாதி வேகத்துக்கு இறங்கிடுது. 2013-ல வந்த எச்.டி.எம்.ஐ 2.0 18 கிகாபிட் தாங்கும், அதுல 4கே 60 ஹெர்ட்ஸ் ஓடும். டிஸ்ப்ளே போர்ட் 1.2-லயும் ஓடும். லேப்டாப், கேபிள், மானிட்டர் மூணுல எது பலவீனமோ அதோட வேகம்தான் மொத்தத்துக்கும். ஜி.எஸ்.டி ரோடு எவ்வளவு அகலமா இருந்தா என்ன, ஒரே ஒரு இடத்துல குறுகினா போதாதா?

இதையே திருப்பிப் பாருங்க. ஃபுல் ஹெச்.டி 60 ஹெர்ட்ஸுக்கு 3 கிகாபிட் போதும். மானிட்டரோட வந்த கேபிளே தாங்கும். தங்க முலாம் பூசினதுன்னு ரெண்டாயிரம் ரூபாய் கேபிளை யாராவது நீட்டினா, சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க. டிஜிட்டல் சிக்னல் ஒழுங்கா வந்து சேர்ந்துடுச்சுன்னா, அதுக்கு மேல தங்கத்தால படம் மின்னாது.

குழப்பத்துக்கெல்லாம் ராஜா, யு.எஸ்.பி-சி. ஓட்டை ஒரே மாதிரி இருக்கும், உள்ளே இருக்குற வேலை வேற வேற. எல்லா சி போர்ட்டும் படம் அனுப்பாது. லேப்டாப்போட ஸ்பெக் ஷீட்ல 'டிஸ்ப்ளே போர்ட் ஆல்ட் மோடு'ன்னு இருக்கணும். போன் சார்ஜருக்கு வந்த சி கேபிள் பெரும்பாலும் சார்ஜுக்கு மட்டும்தான் உதவும், அதுல வீடியோவுக்கான ஒயரே இருக்காது. விலை குறைஞ்ச பல ஹப்கள்ல '4கே'ன்னு கொட்டை எழுத்துலயும் '30 ஹெர்ட்ஸ்'னு பொடி எழுத்துலயும் போட்டிருக்கும். போனையே மானிட்டர்ல மாட்ட ஆசைப்படுறவங்களுக்கும் இதே ரூல்தான்: ஐபோன் 15-ல இருந்து படம் அனுப்பும், பட்ஜெட் ஆண்ட்ராய்டு போன்கள்ல பெரும்பாலும் முடியாது.

ஒரு பக்கம் டிஸ்ப்ளே போர்ட், மறு பக்கம் எச்.டி.எம்.ஐ இருக்குற கேபிள் பெரும்பாலும் ஒருவழிப் பாதை. கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்ப்ளே போர்ட் இருக்கணும், தலைகீழா மாட்டினா கறுப்பு ஸ்க்ரீன்தான். கிராபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப்னா, கேபிளை மதர்போர்டுல சொருகாம கார்டுல சொருகுங்க. எல்லாம் சரியா இருந்தும் 30 ஹெர்ட்ஸ்லயே நின்னா, 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே'வுல போய் நீங்களே 60-ஐ தேர்ந்தெடுக்கணும். அங்கே 60-ன்னு ஒரு ஆப்ஷனே இல்லைன்னா கேபிளையும் போர்ட்டையும் சந்தேகப்படுங்க.

ரிச்சி ஸ்ட்ரீட் போறதா இருந்தா, லேப்டாப்பை கையோட எடுத்துட்டுப் போய் கடையிலயே மாட்டி ஹெர்ட்ஸைப் பார்த்துட்டு பணம் கொடுங்க. பெருங்களத்தூர்ல ரயில் ஏறி எழும்பூர்ல இறங்கினா, அங்கிருந்து ஆட்டோ தூரம்தான். ஞாயித்துக்கிழமை மட்டும் கிளம்பிடாதீங்க, பெரும்பாலான கடைகள் லீவு.