புகையும் குன்றுகளின் சிவப்பு

பாறையின் நிறம் அதன் பிறவிக்குணம் என்றுதான் பொதுவாக எண்ணுகிறோம். கனடாவின் வடமேற்கில், பாதர்ஸ்ட் முனையின் கிழக்குக் கரையில் ஆர்க்டிக் கடலைப் பார்த்து நிற்கும் ‘புகையும் குன்றுகள்’ இந்த எண்ணத்துக்கு ஒத்துவருவதில்லை. செங்கற் சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளும் திட்டுத் திட்டாகப் படர்ந்த அந்தச் செங்குத்துச் சரிவுகளின் மூலப்பாறை கரும் சாம்பல் நிறக் களிப்பாறை. டைனோசர் காலத்துக் கடலடியில் உயிர்க்கழிவுகளோடு சேறாகப் படிந்தது அது. வண்ணங்கள் வெகு பின்னால் வந்தவை. அவற்றை உண்டாக்கியது நெருப்பு. நெருப்புக்குக் கதவு திறந்துவிட்டது குன்றின் சரிவு.

எரிமலையாக இருக்கலாமே என்று கேட்கலாம். அங்கே எரிமலை கிடையாது. யாரோ மூட்டிய தீயா? 1850இல், காணாமற்போன ஃபிராங்க்ளின் கடற்பயணக் குழுவைத் தேடி வந்த கடலோடி ராபர்ட் மெக்ளூரும் புகையைக் கண்டு ஆள் அனுப்பிப் பார்த்தார், மூட்டியவர் எவருமில்லை. பாறைக்குள்ளேயே இருக்கிறது தீக்குச்சி. களிப்பாறையில் பைரைட் எனும் இரும்புக் கந்தகக் கனிமம் மிக நுண்ணிய துகள்களாகக் கலந்திருக்கிறது. காற்றும் ஈரமும் பட்டால் அது வினைபுரிந்து வெப்பத்தை வெளிவிடும். வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளே சேர்ந்துகொண்டே போனால், பாறையிலுள்ள கரிமப்பொருள் தானாகவே பற்றிக்கொள்கிறது. அப்படியானால் உலகிலுள்ள கரும் களிப்பாறையெல்லாம் ஏன் எரியவில்லை? புதையுண்டு கிடக்கும் பைரைட்டைக் காற்று எட்டுவதில்லை. மெதுவாக வெளிப்படும் பைரைட்டோ சூடேறாமலே துருப்பிடித்துத் தீர்ந்துவிடும். இங்கே கரை அரிக்கப்பட்டு மண் சரியும்போதெல்லாம் புதுப்பாறை நொறுங்கித் திடீரென வெளிவருகிறது, இடுக்குகளில் காற்று புகுகிறது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இரும்பு துருப்பிடித்தாலே சிவக்கும், நெருப்பு எதற்கு? செம்மண் நிலங்களைப் பொறுத்தவரை இது சரி. ஆனால் இங்கே களிப்பாறையே சூளையில் வெந்த செங்கல்போல இறுகிச் சிவந்திருக்கிறது. துரு மட்டும் களியைச் சுட்டுவிடாது. மஞ்சளின் கதை வேறு. எரியும் கந்தகம் கந்தக டை ஆக்சைடாகிறது. அது நீரில் கரைந்து அமிலமாவதால் அருகிலுள்ள சில குட்டைகளின் நீர் பி.எச். 2 அளவுக்குப் புளித்திருக்கிறது. அந்த அமிலத்தில் விளையும் ஜாரோசைட் என்ற கனிமம் மஞ்சளாகப் படிகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை: மஞ்சளை மட்டும் கண்டு தீ எரிந்தது என்று முடிவுகட்டக்கூடாது. 2004இல் ஆப்பர்சூனிட்டி ஊர்தி செவ்வாயிலும் ஜாரோசைட்டைக் கண்டது. அங்கே அது காட்டுவது ஒருகாலத்தில் அமில நீர் இருந்ததை, நெருப்பை அல்ல.