வாடிய கொடியை வெட்டாதீர்

கண்டி நகரைச் சூழ்ந்த பழைய வீட்டுத்தோட்டங்களில், பலாவிலும் கமுகிலும் மிளகுக்கொடி படர்ந்திருப்பதை யாவரும் அறிவர். அதனருகே இதயவடிவ இலைகளோடு மரமேறும் மற்றொரு கொடியை அறிவோர் சிலரே. யாழ்ப்பாணத்தார் விரும்பியுண்ணும் இராசவள்ளியின் இனமே அது.

1660ஆம் ஆண்டு கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டு, 1679இல் தப்பிச் சென்ற ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இக்கிழங்குகளைக் குறித்துள்ளார். அரிசி குறைந்த வேளையில் மக்கள் இவற்றையே உண்டனர் என்றும், ஆண்டுதோறும் இலை மடிந்தாலும் கிழங்கு மடிவதில்லை என்றும் அவர் கூறுகின்றார்.

இதனை மறந்து நாமும் ஒருமுறை பிழை செய்தோம். தை மாதத்தில் ஒருநாள், வேலியோரம் காய்ந்து தொங்கிய கொடியைப் பட்டுப்போனதென்று வெட்டியெறிந்து நிலத்தைக் கொத்தினோம். கிழங்கு துண்டு துண்டாக வெளிவந்தது! அயல்வீட்டுச் சிங்கள மூதாட்டியார் நகைத்தார். ஆயினும் கிழங்கின் தலைத்துண்டுகளைப் பொறுக்கித் தந்து, சித்திரையில் நடுமாறு கூறினார். கொடி வாடுவது கிழங்கு முற்றியதன் அடையாளமேயன்றி அதன் முடிவன்று.

இக்கொடியை இனங்காணல் எளிது. இராசவள்ளியின் தண்டு நாற்சதுரமானது. அதன் விளிம்புகளில் மெல்லிய இறகுபோன்ற ஓரம் உண்டு. இலைகள் எதிரெதிராக அமையும். சிறுவள்ளியின் தண்டோ உருண்டு முட்களுடையது. இலைகள் மாறிமாறி வரும். கொம்பைச் சுற்றும்போது இராசவள்ளி நம் பார்வைக்கு இடப்புறக் கீழிருந்து வலப்புற மேலாக ஏறும். சிறுவள்ளி அதற்கு நேர்மாறு. காட்டுக் கொடிகளுட் சில நஞ்சுடையன; ஆதலால் அறிந்தவர் காட்டித் தராத கிழங்கைச் சமைத்தல் ஆகாது.

சித்திரை மழை தொடங்கியதும், ஏறக்குறைய 200 கிராம் நிறையுள்ள தலைத்துண்டை எடுத்து, வெட்டுவாயிற் சாம்பல் பூசி, தழையெருவிட்டு மேடாக்கிய மண்ணில் நடுக. நீர் தேங்க விடாது, ஏறுவதற்கு உறுதியான கொம்பொன்று நாட்டுக. 8 முதல் 10 மாதங்களில் இலை மஞ்சளித்து வாடும். அப்போது பக்கத்து மண்ணை விலக்கி, கிழங்கு சிதையாமல் அகழ்ந்தெடுக்க வேண்டும். தலைப்பாகத்தை மறுநடுகைக்காக உலர்ந்த நிழலில் வைத்து, எஞ்சியதை அவித்து மசித்துத் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சினால் சிறுவர் விரும்பி உண்பர்.

மூதாட்டியார் தந்த துண்டுகள் மூன்றும் அவ்வாண்டே முளைத்தன. இன்று அவற்றின் வழிவந்த கிழங்கு எம் மாணாக்கர் சிலரது தோட்டங்களிலும் வளர்கின்றது. உங்கள் வேலியில் அடுத்து ஒரு கொடி வாடினால், கத்தியை எடுக்குமுன் அதன் தண்டைச் சற்றே உற்று நோக்குங்கள்.