எண்ணெயும் அட்டையும் தலைப்படும் எல்லை: படர் மின்னிறக்கம்

மின்பொறியியலார் வழங்கும் ‘கிரீப்பேஜ் டிஸ்சார்ஜ்’ என்னும் ஆங்கிலத் தொடருக்குத் ‘தவழ் மின்னிறக்கம்’ என்பது சொல்லுக்குச் சொல் நேரான பெயர்ப்பாகும். அப்பெயர் பொருளொடு பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. கலைச்சொல் ஆக்குவோர் பிறமொழிச் சொல்லை மட்டும் நோக்கி, அது குறிக்கும் நிகழ்ச்சியை நோக்காது விடின், பயில்வோர் பொருளைப் பிறழ உணர்வர். ஆகலின் முதற்கண் நிகழ்ச்சியைக் காண்போம்.

பெரிய மின்மாற்றியினுள் செம்புச் சுருள்கள் கனிம எண்ணெயில் மூழ்கியிருக்கும். சுருள்களுக்கிடையே, மரக்கூழிலிருந்து செய்து அழுத்தி உலர்த்திய தடித்த அட்டைகள் நிற்கும். இவற்றைப் பிரஸ்போர்டு என்பர். எண்ணெயும் அட்டையும் தனித்தனியே நல்ல மின்காப்புப் பொருள்களே. எனினும் இரண்டும் தலைப்படும் எல்லையிற் காப்புத் தளர்தல் கூடும். நிலைமொழியும் வருமொழியும் புணருமிடத்தன்றோ திரிபு தோன்றுகின்றது! அதுபோன்றதே இதுவும்.

இத்தளர்ச்சிக்கு முதற்காரணம் விடுதிறன் வேறுபாடு. கனிம எண்ணெயின் ஒப்புமை விடுதிறன் ஏறத்தாழ 2.2, எண்ணெய் ஊறிய அட்டைக்கு அது 4.4 அளவினது. மின்புலம் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்குமிடத்து, விடுதிறன் குறைந்த பொருளிலேயே புலம் மிகும். எனவே அட்டையில் உள்ளதைப்போல் இரு மடங்கு புலம் எண்ணெயில் அமைகின்றது. தாங்கும் வலிமையோ எண்ணெய்க்கே குறைவு. மெலியார் தலையிற் பெருஞ்சுமை ஏற்றியவாறாம். உலோகம், எண்ணெய், அட்டை ஆகிய மூன்றும் கூடும் ஆப்பு வடிவ இடுக்கில் இந்நிலை மிகக் கடுமையாகும். மின்னிறக்கம் பெரும்பாலும் அங்கிருந்தே புறப்படும். எண்ணெயிற் கலந்த நுண்ணிய நார்த்துகளும், அட்டை உறிஞ்சிய ஈரமும், சிறு குமிழிகளும் அதற்குத் துணைபோகும்.

புறப்பட்ட மின்னிறக்கத்திற்கு அட்டை என்ன செய்கின்றது? புலம் பரப்புக்கு இணையாகச் செல்லுமாயின், உலர்ந்து, தூய்மையாய், எண்ணெய் நன்கு ஊறிய அட்டை பெருந்தீங்கு செய்வதில்லை. எண்ணெய் மட்டும் இருந்தால் தாங்கும் மின்னழுத்தத்தையே ஏறத்தாழ அவ்விடைவெளியும் தாங்கும். புலம் பரப்பைக் குத்திச் செல்லும்போது நிலைமை மாறுகின்றது. மெல்லிய அட்டையின் பின்னே நிலத்தொடு இணைத்த உலோகத் தகடு இருப்பதாகக் கொள்வோம். பரப்பின் ஒவ்வொரு சிறு பகுதியும் அத்தகட்டொடு கூடி ஒரு மின்தேக்கியாகும். முன்னேறும் ஒளிக்கீற்று அம்மின்தேக்கிகளை நிரப்பிக்கொண்டே செல்லவேண்டியிருத்தலின், அதன் வழியே பாயும் மின்னோட்டம் பெருகும். அதனால் வழி வெப்பமுற்று நன்கு கடத்தத் தொடங்கும். அடியிலுள்ள மின்னழுத்தம் குறையாமல் நுனிவரை சென்றெட்டும். நுனி மேலும் நீளும். காற்றிலுள்ள திண்மப் பரப்புகளில் இவ்வகை நீட்சியை ஜெர்மானிய அறிஞர் டெப்ளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விரிவாக ஆராய்ந்தார். மின்னழுத்தம் சிறிது ஏறினும் கீற்றின் நீளம் பன்மடங்கு ஏறும். ஆதலால் எல்லை வழியை நீட்டிவிட்டால் காப்பு அமைந்துவிடும் என்று எண்ணுதல் பிழை.

இனிப் பெயரைக் கருதுவோம். எண்ணெயில் நேர்மின் கீற்று நொடிக்கு 2 கிலோமீட்டர் அளவில் விரையும். மின்னழுத்தம் ஒரு வரம்பைக் கடந்தால் 100 கிலோமீட்டரையும் எட்டும். இதனைத் தவழ்தல் என்பது எங்ஙனம்? ஜெர்மானியர் ‘கிளைட் என்ட்லாடுங்’, அதாவது வழுக்கிச் செல்லும் மின்னிறக்கம், என்பர். விரைவு இப்பெயரில் அமைந்துள்ளது. ஆனால் பரப்பு வாளா கிடப்பதுபோல் தோன்றுகின்றது. 1777 இல் கோட்டிங்கன் நகரில் லிக்டன்பர்க் தம் பிசின் தட்டின்மேற் படிந்த தூளிற் கண்ட உருவங்களை நினைவுகூர்க. நேர்மின் உரு கிளைத்துக் கிளைத்து விண்மீன்போல் விரிந்தது. எதிர்மின் உரு வட்டமாய் அமைந்தது. கிளைத்தலும், ஒன்றைப் பற்றி விரிதலும், பற்றியதனால் நீளுதலும் கொடிக்கு உரியன. அவற்றைக் குறிக்கத் தமிழில் ‘படர்தல்’ என்னும் வினை உண்டு. ‘படர் மின்னிறக்கம்’ என்பதே ஏற்புடைத்து என்பது என் கருத்து.

‘தவழ்’ என்னும் சொல்லை முற்றிலும் தள்ளவும் ஒண்ணாது. கீற்று விரைந்தோடினும் அது விட்டுச்செல்லும் தடம் மெல்லவே வளர்கின்றது. மின்னிறக்கம் மீண்டும் மீண்டும் நிகழ, அதன் வெப்பத்தால் அட்டையின் நுண்துளைகளிலிருந்து எண்ணெயும் ஈரமும் வெளியேறும். அவ்விடங்களில் ஆவியும் வளியும் நிறைய, மரக்கிளை போன்ற வெண்தடம் புலப்படும். பின்னர் நார் கருகிக் கரித்தடமாகும். இவ்வளர்ச்சி பல மணி நேரமோ அதற்கு மேலோ நீளலாம். அவ்வளவு காலமும் மின்மாற்றி வழக்கமான மின்னழுத்தத்தில் இயங்கிக்கொண்டே இருக்கும். மின்னோட்டம் சிறிதாகலின் காவற்கருவிகள் வாளாவிருக்கும். எண்ணெயிற் கரைந்த ஹைட்ரஜனும் அசெட்டிலீனும் மிகுவதே முன்னறிவிப்பு. அதனைக் காணத் தவறின், இடி மின்னல் ஏதுமில்லாத நாளிலும் திடீரென மின்முறிவு நேரும். ஆகவே நிகழ்ச்சியையும் தடத்தையும் ஒரே சொல்லாற் குறிப்பது பெரும் பிழை. முன்னதைப் ‘படர் மின்னிறக்கம்’ என்றும், பின்னதைத் ‘தவழ் தடம்’ என்றும் பிரித்து வழங்கலாம்.

வடிவமைப்போர் அட்டைகளைப் புலத்திற்குக் குறுக்காக நிறுத்தி, எண்ணெய் இடைவெளியைச் சிறு சிறு பகுதிகளாக வகுப்பர். சுருள் முனைகளில் அட்டையைச் சம மின்னழுத்தக் கோடுகளை ஒட்டி வளைப்பர். இக்காலத்தில் எஸ்டர் நீர்மங்களும் வழக்கிற்கு வந்துள்ளன. அவற்றின் விடுதிறன் ஏறத்தாழ 3.2 ஆகலின் அட்டையொடு வேறுபாடு குறைகின்றது. ஆயினும் நீண்ட இடைவெளிகளில் மிகுவிரைவுக் கீற்றுகள் கனிம எண்ணெயினும் குறைந்த மின்னழுத்தத்திலேயே எஸ்டரிற் பிறக்கின்றன. எண்ணெய்க்கென வகுத்த இடைவெளிகளை எஸ்டருக்கு அவ்வாறே கொள்ளுதல் ஆகாது.