ஒருவர் எடுத்த பதிவும் ஊரின் முதுசொமும்

கரவெட்டியில் ஒரு கலியாண வீட்டைத் தனியொருவராக நின்று ஒளிப்பதிவு செய்பவரின் பொறுப்பு இலேசானதன்று. கெட்டிமேளம் முழங்கத் தாலி ஏறும் கணம் மீண்டும் வாராது. அவ்வேளை சுற்றத்தார் எழுந்து நின்று மறைப்பதும் உண்டு. எனவே, மணவறை முழுவதும் தெரியுமாறு முக்காலியில் ஒரு கமராவை முன்கூட்டியே நிறுத்திவிட்டு, மற்றொன்றைக் கையிலேந்துவதே பாதுகாப்பான வழி. நிக்காஹ்வின்போது மணமகளின் வலிகாரரும் மணமகனும் ஓரிடத்திலும், மணமகள் வேறிடத்திலும் இருப்பது வழக்கம். அங்கு பெண்கள் பகுதிக்குப் பெண் ஒளிப்பதிவாளரை ஒழுங்குசெய்தலே முறை.

தனியொருவர் எடுத்த பதிவுக்கு மாற்றுப் பதிவு கிடையாது. அது தொலைந்தால் தொலைந்ததே. இதன் பெறுமதியை வடபுலத்தார் நன்கறிவர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோதும், 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோதும் வீடுகளோடு திருமண அல்பங்களும் கைவிடப்பட்டன. மாண்டோரும் காணாமற்போனோரும் சிரித்தபடி நடமாடும் காட்சி, சில குடும்பங்களுக்குப் பழைய வீடியோ நாடாவொன்றில் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

அந்நாடாவையோ ஈரமும் பூஞ்சணமும் அரிக்கின்றன. அதனை இயக்கும் வி.எச்.எஸ். கருவிகளை இறுதிவரை தயாரித்துவந்த யப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 யூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழுதடையும் கருவிக்குப் புதியது கிடையாது.

ஆகவே, பழைய நாடாக்களைத் தாமதமின்றி டிஜிட்டல் பிரதிகளாக மாற்றி, வெவ்வேறு இரண்டு இடங்களில் பேணுதல் அவசியமென நாம் கருதுகின்றோம். இன்றைய ஒளிப்பதிவாளரும், குடும்பத்தினர் இரு பிரதிகள் பெறும்வரை மூலப்பதிவை அழிக்கலாகாது. காணிபூமி மட்டும் முதுசொம் அன்று, இதுவும் முதுசொமே.