யாரும் படிக்காத நோட்டு

பட்டறைக் கணக்கு – 9

சென்ற வாரம் சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் தொழிற்சாலையைப் பற்றி எழுதியிருந்தேன். 1998இல் தரத்துக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசைப் பெற்று, அந்தப் பரிசை வாங்கிய முதல் இந்திய நிறுவனம் என்ற பெயரையும் பெற்றது அது. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி. ‘அவங்க பெரிய கம்பெனி. ஜப்பான்ல இருந்து பேராசிரியரை வரவழைச்சுப் பாடம் கேட்க முடியும். இருபது தறியும் நாலு லேத்தும் வெச்சிருக்கற நாங்க என்ன பண்றது?’

நியாயமான கேள்வி. அதனால் இந்த வாரம் பரிசு எதுவும் வாங்காத, பெயர்கூட வெளியே வராத சில நெசவாலைகளின் கதையைச் சொல்கிறேன். இந்தத் தொடரை எழுத என்னைத் தூண்டியதே அவற்றின் கதைதான்.

மும்பையிலிருந்து வடக்கே கடலோரமாகப் போனால் தாராப்பூர் வரும். குஜராத் எல்லையைத் தாண்டினால் உம்பர்காவ். இரண்டுமே பருத்தித் துணி நெய்யும் ஊர்கள். 2008இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் புளூம், ஜான் ராபர்ட்ஸ், உலக வங்கியின் டேவிட் மெக்கன்சி ஆகியோரும், அவர்களுடன் அப்ரஜித் மகாஜன், பென் ஐஃபர்ட் என்ற இருவரும் சேர்ந்து அங்கே ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். நிர்வாகம் சரியாக இருந்தால் தொழில் வளரும் என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் நிர்வாகம் நன்றாக இருப்பதால் லாபம் வருகிறதா, லாபம் வருவதால் நல்ல நிர்வாகத்துக்குச் செலவழிக்க முடிகிறதா? புதிய மருந்தைச் சோதிப்பதுபோல் இதையும் சோதித்துப் பார்ப்பது என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

17 குடும்ப நிறுவனங்கள், 20 ஆலைகள். ஒரு நிறுவனத்தில் சராசரியாக 270 பேர் வேலை பார்த்தார்கள். குலுக்கல் முறையில் 14 ஆலைகளை ஒரு பக்கமும், 6 ஆலைகளை மறுபக்கமும் பிரித்தார்கள். ஒரு பன்னாட்டு ஆலோசனை நிறுவனத்தின் ஆட்கள் முதல் மாதம் இரண்டு பிரிவு ஆலைகளுக்கும் போய், குறை எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொன்னார்கள். அடுத்த நான்கு மாதங்கள் 14 ஆலைகளில் மட்டும் கூடவே இருந்து அந்தக் குறைகளைச் சரிசெய்ய உதவினார்கள். ஆலைகளிடம் கட்டணம் எதுவும் வாங்கவில்லை.

ஆரம்பத்தில் அந்த ஆலைகள் இருந்த நிலை படங்களுடன் பதிவாகியிருக்கிறது. நூல் குடோனில் மூட்டைகள் கூரையை முட்டும்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. பின்வரிசை மூட்டையை எடுக்க முன்வரிசை முழுவதையும் இறக்க வேண்டும். எந்த மூட்டையில் எந்த ரகம், எந்த நிறம் என்று ஒரு சீட்டுகூட இல்லை. அடியில் ஈரத்துக்கு மறைப்பு இல்லை. பாரம் தாங்காமல் கோன்கள் நசுங்கிக் கிடக்கின்றன. அவற்றை வேறு கோனுக்குச் சுற்றினால்தான் பயன்படுத்த முடியும். உதிரி பாகங்கள் துருப்பிடித்துப் பெயரில்லாமல் குவிந்திருக்கின்றன. வேலை முடிந்த கருவி, எடுத்த இடத்துக்குத் திரும்பாமல் நடைபாதையை மறித்து நிற்கிறது. நம் ஊரில் பட்டறை நடத்துகிறவர்களுக்கு இதில் ஒரு வரிகூடப் புதிதாக இருக்காது.

கையிருப்பு எவ்வளவு என்று தெரியாவிட்டால் இருக்கிற நூலையே மறுபடி வாங்குவோம். பணம் மூட்டையாகக் குடோனில் தூங்கும். அந்தப் பணத்துக்கு வங்கியில் வட்டியும் கட்டுவோம்.

இதையெல்லாம்விட என் மனதில் தங்கிவிட்டது அவர்களுடைய தரச் சோதனை நோட்டுதான். நெய்த துணி முழுவதையும் வெளிச்சப் பலகையில் ஓட்டிப் பார்த்து, எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை என்று கையால் எழுதி வைத்திருந்தார்கள். நோட்டு பக்கம் பக்கமாக நிறைந்திருந்தது. பின்னால் வாங்குகிறவர் தகராறு செய்தால் எடுத்துக் காட்ட வேண்டும் என்பதற்காக எழுதியது அது. எந்தத் தறியில் குறை அதிகம், எந்த நேரத்தில் அதிகம், எந்த வடிவமைப்பில் அதிகம் என்று அதைக் கூட்டிப் பார்த்தவர் எவருமில்லை. அதே கூரையின்கீழ், மொத்த ஆட்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் குறையைத் திருத்தும் வேலையிலேயே இருந்தார்கள். வியாதிக்குப் பெயர் நோட்டில் எழுதியிருந்தும், மருத்துவச் செலவு மட்டும் நாள்தோறும் போய்க்கொண்டிருந்தது.

சில வருடங்களுக்கு முன்பு சோமனூர்ப் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் இதையே நான் நேரில் பார்த்தேன். இருபத்து நான்கு தறி. பாவு நூல் வியாபாரி தருவார். நெய்து காடா துணியாகக் கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு கூலி. டேமேஜ் இருந்தால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். எந்தத் தறியில் அதிகம் டேமேஜ் வருகிறது என்று முதலாளியிடம் கேட்டேன். யோசிக்காமல் பதில் வந்தது.

“ஏழாம் நம்பருங்க. அது வந்த நாள்ல இருந்தே அப்படித்தான். வித்துப்போடலாம்னு பாத்துட்டு இருக்கறனுங்க.”

பி.காம். படித்துக்கொண்டிருந்த அவருடைய மகள் அன்றைக்கு வீட்டில் இருந்தாள். டேமேஜ் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தோம். அவள் ஒரு தாளில் தறி எண்களைக் கீழே கீழே எழுதினாள். நான் வாசிக்க வாசிக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டாள். மூன்று மாதக் கணக்கு முடிய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முடித்துவிட்டுத் தாளை நீட்டினாள்.

“ஏழாம் நம்பர் இல்லீங்கப்பா. எல்லாத் தறியிலயும் வருதுங்க. காலைல எட்டு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும்தான் பாதிக்கு மேல வருதுங்க.”

எட்டு மணி என்பது ஆள் மாறுகிற நேரம். போகிறவர் தறியை ஓட விட்டுவிட்டுப் போகிறார். வருகிறவர் டீ குடித்துவிட்டு வருகிறார். இடையில் பாவு இழை அறுந்தால் பார்க்க ஆளில்லை. துணியில் நீளமாக ஒரு கோடு விழுந்துவிடுகிறது. வருகிறவர் வந்து நின்ற பிறகுதான் போகிறவர் கிளம்ப வேண்டும், இருவரும் சேர்ந்து ஒவ்வொரு தறியையும் பார்த்துக் கைமாற்ற வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. சும்மா ஏற்பாடாகவில்லை. அந்தக் கால் மணி நேரத்துக்கும் கூலி கொடுத்தால்தான் முடியும் என்று ஆட்கள் சொன்னார்கள். அதுவும் நியாயம்தான். முதலாளி ஒரு வாரம் யோசித்தார், பிறகு ஒப்புக்கொண்டார். ஏழாம் நம்பர் தறியை அவர் விற்கவில்லை.

தாராப்பூருக்குத் திரும்புவோம். அங்கே ஆலோசகர்கள் 38 நடைமுறைகளைப் பட்டியலிட்டிருந்தார்கள். குறைகளைத் தினமும் கணக்கெடுப்பது, மறுநாள் காலை மேஸ்திரிகளும் மேலாளரும் நின்றபடியே அதைப் பேசி முடிப்பது, இயந்திரம் நிற்பதற்குமுன் பராமரிப்பது, நூலுக்குச் சீட்டு ஒட்டிக் கையிருப்பைப் பதிவது, நன்றாக வேலை செய்தவர்க்கு ஊக்கத்தொகை கொடுப்பது போன்றவை. ஒன்றும் வானத்து விஷயம் இல்லை. பெரிய இயந்திரம் எதையும் வாங்கச் சொல்லவும் இல்லை. தொடக்கத்தில் இந்த 38இல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் ஆலைகளில் நடைமுறையில் இருந்தது.

முதல் ஆண்டிலேயே உதவி பெற்ற ஆலைகளில் உற்பத்தித் திறன் 17 சதவீதம் கூடியது. துணியில் குறைகள் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைந்தன. நூல் கையிருப்பும் இறங்கியது. ஆலைக்கு ஆண்டுக்கு 3 லட்சம் டாலர் அளவுக்கு லாபம் கூடியிருக்கும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். காசு கொடுத்து அந்த ஆலோசனையை வாங்கியிருந்தால் ஆலைக்கு இரண்டரை லட்சம் டாலர் ஆகியிருக்கும். ஒரே ஆண்டில் முதல் திரும்பிவிடும் கணக்கு இது. ஆய்வு 2013இல் வெளிவந்தது.

இவ்வளவு லாபம் இருந்தும் ஏன் முன்பே செய்யவில்லை? முதலாளிகள் முட்டாள்கள் அல்ல. தறியின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லக்கூடியவர்கள். அவர்களுக்கு அளவுகோல் பக்கத்து ஆலைதான். பக்கத்து ஆலையிலும் இதே அளவு குறை வருகிறது, ஆகவே நம்முடைய தரம் நல்ல தரம் என்று நம்பினார்கள். சில நடைமுறைகளைக் கேள்விப்பட்டதே இல்லை. கேள்விப்பட்டவையும் தங்களுக்குப் பயன்படாது என்று நினைத்தார்கள். மின்வெட்டு, வங்கிக் கடன், வரி, ஆள் பற்றாக்குறை என்று சிறுதொழில் செய்கிறவர் சொல்லும் குறைகள் அத்தனையும் உண்மை. அந்தக் குறைகளோடு சேர்த்து, தன் கூரைக்குள்ளேயே இருக்கிற நஷ்டத்தையும் அவர் பார்க்க வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

அந்த ஆய்வில் இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. எனக்கு அது வலித்தது. ஒரு நிறுவனம் எத்தனை ஆலைகள் வரை வளர்கிறது என்பதைத் தீர்மானித்ததில் முக்கியமானது, அந்தக் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பது. நிர்வாகம் எவ்வளவு நன்றாக இருந்தது என்பதைவிட இந்த எண்ணிக்கைக்குத்தான் வலு இருந்தது. அண்ணன் ஓர் ஆலை, தம்பி ஓர் ஆலை, மகன் தலையெடுத்தால் மூன்றாவது. வெளி ஆளிடம் சாவியைக் கொடுத்தால் நூல் களவு போகும், வழக்குப் போட்டால் தீர்ப்பு வர ஆண்டுகள் ஆகும் என்ற பயம். கொங்குப் பகுதியிலும் சிவகாசியிலும் நான் பேசிய பலர் இதையே வேறு வார்த்தைகளில் சொல்லியிருக்கிறார்கள். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் கணக்கு ஒழுங்காக இருக்கிற இடத்தில்தான் வெளி ஆளை நம்ப முடியும். எவ்வளவு நூல் வந்தது, எவ்வளவு துணி போனது என்று எழுத்தில் இருந்தால் சந்தேகப்பட வேண்டியதே இல்லை. மகள்களை இந்தக் கணக்கில் சேர்க்காதது இன்னொரு பெரிய நஷ்டம். சோமனூரில் அன்றைக்கு நோட்டைக் கூட்டியது யார் என்பதை நினைத்துக்கொள்கிறேன்.

ஆய்வாளர்கள் 2017இல் மறுபடி அந்த ஆலைகளுக்குப் போனார்கள். பெரும்பாலான ஆய்வுகள் முதல் வெற்றியோடு கோப்பை மூடிவிடும். ஒன்பது ஆண்டு கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்ததற்கே இவர்களைப் பாராட்ட வேண்டும். கற்றுக்கொடுத்த நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன. மீதிப் பாதி நின்றது; உதவி பெறாத ஆலைகளைவிட இவை இன்னமும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு முன்னால் இருந்தன. ஆனால் மற்ற நிறுவனங்களுக்கு அது பெரிதாகப் பரவவில்லை. ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் வந்தன. ஒன்று, மேலாளர் மாறிவிட்டார். இரண்டு, முதலாளிக்கு நேரமில்லை. பழைய மேலாளரோடு காலைக் கூட்டமும் போய்விட்டது. ஏன் அதை நடத்தினோம் என்று புதியவருக்குச் சொல்ல ஆளில்லை.

இதைவிடச் சின்னத் தொழில்களின் கதை கொஞ்சம் சிக்கலானது. கொழும்பிலும் கண்டியிலும் வீட்டிலிருந்தோ சிறு கடையிலிருந்தோ தொழில் செய்த பெண்களிடம் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கன்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் மூவரும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். சிலருக்குத் தொழில் பயிற்சி வகுப்பு மட்டும், சிலருக்கு அதோடு பணமும் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் வகுப்பில் சொன்னவற்றைச் செய்யத் தொடங்கினார்கள்; ஆனால் பயிற்சி மட்டும் கிடைத்தவர்களின் லாபம் கூடவில்லை. பயிற்சியோடு பணமும் சேர்ந்து கிடைத்தவர்களுக்கு முதல் சில மாதங்கள் நல்ல முன்னேற்றம். இரண்டாம் ஆண்டில் அதுவும் கரைந்தது. இருநூறு பேர் வேலை செய்யும் ஆலைக்குப் பொருந்தும் மருந்தைத் தனி ஆளாகத் தையல் இயந்திரம் ஓட்டுகிற ஒரு பெண்ணின் தலையில் கட்டக் கூடாது. கரும்பலகையில் மூன்று நாள் பாடம் நடத்திச் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிற பயிற்சி முகாம்களுக்குச் செலவிடும் பணத்தை, பட்டறைக்கே வந்து நான்கு மாதம் பக்கத்தில் நிற்கிற ஆட்களுக்குக் கொடுக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். தாராப்பூரில் பலித்தது அப்படிப் பக்கத்தில் நின்றதுதான்.

கடிதம் எழுதிய நண்பர்களுக்கு இரண்டு செய்திகள். ஒன்றிய அரசின் சிறுதொழில் அமைச்சகம் 2023 மார்ச்சில் ‘லீன்’ திட்டத்தைப் புதுப்பித்து அறிவித்தது. பட்டறைக்கு வந்து வழிகாட்டும் ஆலோசகருக்கான செலவில் 90 சதவீதத்தை அரசு ஏற்கும் என்றது அந்த அறிவிப்பு. உத்யம் பதிவு உள்ளவர்கள் இணையத்தில் இன்றைய விதிமுறையைப் பார்த்து விண்ணப்பியுங்கள். அதுவரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்றும் இருக்கிறது. உங்கள் பட்டறையில் ரிஜெக்ஷனோ டேமேஜோ எழுதி வைக்கிற நோட்டு ஒன்று நிச்சயம் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கணக்குப் படித்த யாரையாவது கூட வைத்துக்கொண்டு, கடந்த மூன்று மாதத்துப் பக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். பெயரில்லாமல் அடுத்த வாரங்களில் இங்கே பேசுவோம்.

(தொடரும்)